குணசேகரன் வைத்த வாட்ச்மேன்

போன மாதம் ஷாலினி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் வேலைக்கு வந்த பெண். என் நாற்காலிக்கு வந்தாள் என்று எழுதத்தான் கை போனது, ஆனால் அந்த நாற்காலியே இப்போது ஒரகடத்தில் இல்லை. வேறு ஊரில் ஒரு ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு எங்கள் தொழிற்சாலைக் கணினிகளைத் திரையிலேயே பார்க்கிறார்கள், திரையிலேயே சரிசெய்கிறார்கள். ஒரு செயலி வேண்டுமென்றால் அங்கே ஒரு பொத்தானைத் தட்டினால் இங்கே எல்லா மெஷினிலும் வந்து உட்கார்ந்துவிடும். யார் முகத்தையும் பார்க்க வேண்டாம், யாருடைய பக்கத்திலும் நிற்க வேண்டாம்.

"மேடம், உங்க பிளான்ட்ல ட்ரெயினிங் வீடியோ ரூம்ல ஒரு மேக் இருக்குல்ல, அதுல தினம் சாயங்காலம் ஒரு ஆப் வந்து உக்காருது. காலைல இல்லாமப் போகுது. நாங்க எதையும் எடுக்கல. எடுக்கச் சொல்லி ரூலும் போடல. யார் மேடம் எடுக்கிறாங்க?" என்றாள்.

போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை என்றேன். அப்படியானால் எழுதிக் கொடுங்கள், இங்கே புதுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அந்தக் காலத்தில் எப்படி வேலை பார்த்தீர்கள் என்று அவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றாள். 'அந்தக் காலம்' என்றதும் எனக்குச் சுருக்கென்றது. நான் ஒன்றும் கட்டை வண்டியில் வேலைக்குப் போனவள் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். அவள் கேட்ட கேள்விக்கு என்னைத் தவிர பதில் சொல்ல ஆள் இல்லை.

என் பெயர் பிலோமினா. ஊர் குன்றத்தூர். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் டேட்டா என்ட்ரி ஆபரேட்டராக ஆரம்பித்தேன். பிறகு ஒரகடத்தில் கார் இருக்கை செய்யும் தொழிற்சாலையில் சிஸ்டம் பிரிவுக்கு வந்தேன். பிரின்டரில் சிக்கிய காகிதத்தை உருவுவதிலிருந்து சர்வர் அறைக்குள் நுழைந்த எலியைத் துரத்துவது வரை எல்லாம் கற்றுக்கொண்டேன். அந்த வருடங்களைப் பற்றி விரிவாக எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது எங்கள் தொழிற்சாலைக்கு மேக், அதாவது ஆப்பிள் கம்பெனிக் கணினி, வந்த பிறகு நடந்ததைத்தான்.

வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் சொன்னதால் பயிற்சிப் படம் எடுக்கும் பிரிவுக்கு மட்டும் மேக் வாங்கினார்கள். உற்பத்தி லைனில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இருக்கை நுரையை எப்படி அச்சில் வைப்பது, உறையை எப்படி மாட்டுவது என்று சின்னச் சின்னப் படங்கள் எடுக்கும் பிரிவு அது. தையல் லைனை ஒட்டிய ஒரு கண்ணாடி அறை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் வெளியே ஓடுகிற அத்தனை மெஷினும் ஊமையாகிவிடும். வாய் அசைவது தெரியும், சத்தம் வராது. ஆரம்பத்திலிருந்தே எனக்கு அந்த அறை பிடிக்காது.

அதுவரை விண்டோஸில் பழகியவர்கள் மேக் முன்னால் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "நெக்ஸ்ட் பட்டன் எங்க மேடம்?" நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ் என்று தட்டியே பழகிய கை. மேக்கில் அது கிடையாது. இணையத்திலிருந்து செயலியை இறக்கி, அந்தக் கோப்பை இரண்டு தட்டு தட்டினால் திரையில் வெள்ளையாக ஒரு வட்டு முளைக்கும். நிஜ வட்டு இல்லை, வட்டு மாதிரி ஒரு உறை. அதைத் திறந்தால் ஒரு பக்கம் செயலியின் படம், இன்னொரு பக்கம் அப்ளிகேஷன்ஸ் என்ற அடைவு, அதாவது செயலிகள் இருக்கும் ஃபோல்டர், நடுவில் ஒரு அம்புக்குறி. அம்பு காட்டுகிறபடி செயலியை இழுத்து அடைவில் போட வேண்டும். பிறகு வெள்ளை வட்டை வெளியே தள்ள வேண்டும். இறக்கிய கோப்பைக் குப்பைத் தொட்டியில் போட வேண்டும். இழு, விடு, தள்ளு, போடு. இதை நான் பாட்டு மாதிரி சொல்லிக் கொடுப்பேன். கேலி செய்வார்கள், ஆனால் மறக்க மாட்டார்கள்.

மறக்காதவர்களும் ஒரு தப்பு செய்வார்கள். வெள்ளை வட்டுக்குள்ளேயே செயலியைத் தட்டித் திறந்துவிடுவார்கள். அது திறக்கும், வேலையும் செய்யும். நிறுவியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். விருந்தாளியை வீட்டுக்குள் கூப்பிடாமல் வாசலிலேயே உட்கார வைத்துப் பேசுகிற மாதிரி. கரண்ட் போய், மெஷின் அணைந்து மறுபடி எழுந்தால் வட்டு இருக்காது, செயலியும் இருக்காது. திரைக்குக் கீழே செயலியின் படம் இருந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் நிற்கும். அந்தக் கேள்விக்குறியைப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடிவருகிறவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: "மேடம், நேத்து வரைக்கும் இருந்துச்சு." அந்தக் குரலைக் கேட்டால் யாரோ ஆளைப் பற்றிச் சொல்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

எங்கள் மேனேஜர் வரதராஜன் சார். உயரமான மனிதர், சட்டையில் ஒரு மடிப்பு கலையாது. யாருக்கும் அவராக வணக்கம் சொல்ல மாட்டார். நாம் சொன்னால் தலையை அரை அங்குலம் இறக்குவார், அதுவே பெரிய மரியாதை. அவருக்கு இரண்டு சட்டங்கள். ஒன்று, சிஸ்டம் பிரிவு ஆள் அடுத்தவர் மவுஸைத் தொடக் கூடாது. யாருடைய மெஷினோ அவர் கைதான் செய்ய வேண்டும், நாம் பக்கத்தில் நின்று வாயால் சொல்ல வேண்டும். அவரே அப்படித்தான் நிற்பார், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு. எவ்வளவு நேரம் ஆனாலும் அவர் கை முன்னால் வராது. எனக்குத்தான் கை பரபரக்கும்.

இரண்டாவது சட்டம், பாஸ்வேர்டு. அவர்கள் பாஸ்வேர்டு போடும்போது நாம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். கண்ணை மூடிக்கொண்டால் போதாது, திரும்பித்தான் நிற்க வேண்டும். ஒரு தடவை நான் சும்மா தலையை மட்டும் குனிந்தேன். "நீங்க பாக்கலைன்னு உங்களுக்குத் தெரியும் பிலோமினா. அவங்களுக்குத் தெரிய வேண்டாமா?" என்றார். அன்றிலிருந்து அந்தத் தொழிற்சாலையின் எல்லாச் சுவர்களும் எனக்குப் பழக்கம். எங்கே சுண்ணாம்பு உதிர்ந்திருக்கிறது, எங்கே பல்லி முட்டை இருக்கிறது என்று இப்போது கேட்டாலும் சொல்வேன்.

இறக்கிய செயலியை முதல் தடவை திறக்கும்போது மேக் ஒரு கேள்வி கேட்கும். இது இணையத்திலிருந்து வந்தது, நிச்சயமாகத் திறக்க வேண்டுமா? அதற்கு என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் வாயைத் திறந்தால் வரதராஜன் சார், "அது அவங்களைக் கேக்குது" என்பார். முதல் தடவைதான் கேட்கும், பிறகு கேட்காது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

அந்தக் கண்ணாடி அறையில் வேலை பார்த்தவர் குணசேகரன். சேரப்பணஞ்சேரிக்காரர். லைனில் சேர்ந்து, சொந்தமாகவே படம் வெட்டவும் ஒட்டவும் கற்றுக்கொண்டு மேலே வந்தவர். அந்த மேக்கை அவர் வைத்திருந்த சுத்தத்தைப் பார்த்தால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகத் தோன்றும். ஆனால் அது பிரிவுக்கே பொதுவான மெஷின். ஷிப்டு மாறும்போது பையன்கள் உள்ளே புகுந்து கேரம் போர்டு, கிரிக்கெட் என்று எதையாவது இறக்கிப் போட்டுவிடுவார்கள். மறுநாள் காலையில் எனக்குப் போன் வரும். "யக்கா, எவனோ கேமு போட்டு வச்சிருந்தான். எட்த்துட்டேன்." புகார் மாதிரி இருக்காது, மீன் பிடித்தவன் சொல்கிற மாதிரி இருக்கும். ஒவ்வொரு தடவையும் அவர் கையால் எடுக்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் முதல் ஷிப்டு முடிந்து பைக்கில் வீட்டுக்குப் போனவர் படப்பை ரோட்டில் லாரியில் மாட்டிக்கொண்டார். அவ்வளவுதான் எழுத முடிகிறது. கண்ணாடி அறை சில மாதங்கள் பூட்டிக் கிடந்தது. பிறகு கருணை அடிப்படையில் அவர் மனைவி கலைவாணிக்கு அதே பிரிவில் வேலை கொடுத்தார்கள். ஆறாவது படிக்கிற ஒரு மகன், வாடகை வீடு. மேக்கைக் கண்ணால் பார்த்ததில்லை. புருஷன் உட்கார்ந்த அதே நாற்காலி, அதே மெஷின். பயிற்சிப் படங்களின் அடியில் தமிழிலும் இந்தியிலும் வசன வரி போட வேண்டும். அதற்கென்று ஒரு புதுச் செயலி, குணசேகரன் காலத்தில் இல்லாதது, அப்போதுதான் வாங்கியிருந்தார்கள்.

நான்தான் கற்றுக் கொடுத்தேன். இழு, விடு, தள்ளு, போடு. கலைவாணி ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். வெள்ளை வட்டுக்குள்ளேயே திறக்கிற தப்பைக்கூடச் செய்யவில்லை. நான் நிம்மதியாகத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் அவள் மறுபடி செயலியை இறக்கிக்கொண்டிருந்தாள். அதற்கு மறுநாளும். நாலு பேர் என்னிடம் வந்து சொன்னார்கள். எங்கள் தொழிற்சாலையில் காலை நேரத்தில் இணையம் ஊர்ந்து போகும். செயலி இறங்கி முடிந்து, எழுத்துரு எல்லாம் மறுபடி பொருத்தி, அவள் முதல் வசன வரியைத் தட்டுவதற்குள் பாதி காலை போய்விடும். படங்கள் தேங்கின. பயிற்சி கொடுக்க முடியாமல் லைனில் புது ஆட்கள் சும்மா நின்றார்கள். செக்‌ஷன் ஹெட் கோபக்காரர். தினம் காலையில் அவர் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தால் உள்ளே இவள் இறக்கிக்கொண்டிருப்பாள்.

கொஞ்ச நாளில் வரதராஜன் சார் என்னைக் கூப்பிட்டார். அந்தப் பெண்ணுக்கு வேலை வராது என்று செக்‌ஷன் ஹெட் எழுதிவிட்டார், வேலை நிரந்தரமாகிற நேரம், நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு என்ன என்று சொல்லுங்கள் என்றார். நான் வராது என்று சொன்னால் அவளைக் கான்ட்ராக்டில் பேக்கிங்குக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே பாதிச் சம்பளம், அதுவும் எத்தனை நாளுக்கு என்று தெரியாது.

போகிற வழியில் ஹவுஸ்கீப்பிங் சரோஜா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அந்த அறையைக் கூட்டுவதை அவள் விட்டுவிட்டாளாம். "காலைல அந்த ரூமுல ஆம்பள கொரலு கேக்குதும்மா. அந்தப் பொண்ணு மட்டும்தான் உள்ள கீது. நான் ரெண்டு வாட்டி கேட்டேன், இனிமே போ மாட்டேன்" என்றாள். போனில் யாராவது பேசியிருப்பார்கள் என்று சொல்லிவிட்டு நடந்தேன். நான் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள், இந்த மாதிரிப் பேச்சுக்குக் காது கொடுப்பதில்லை. ஆனாலும் கண்ணாடிக் கதவைச் சாத்தியதும் வெளிச் சத்தம் எல்லாம் அறுந்தபோது முதுகு கொஞ்சம் சில்லிட்டது.

தேநீர் இடைவேளை. நாங்கள் இரண்டு பேர்தான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அன்று காலை அவள் நிறுவிய செயலி அடைவில் ஒழுங்காக இருந்தது. வட்டு வெளியே தள்ளப்பட்டிருந்தது. குப்பைத் தொட்டி காலி. நான் செய்திருந்தால்கூட இவ்வளவு சுத்தமாக இருந்திருக்காது.

"காலைல வந்து பாத்தா இருக்காதா?" என்றேன்.

"இருக்காதுக்கா."

"வேற யாராச்சும் உள்ள வராங்களா?"

"யாரும் வர்றதில்லக்கா. சாவி எங்கைலதான் கீது."

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், மெஷினை ஒரு தடவை அணைத்துப் போட்டுப் பார்ப்பது. அதைச் சொன்னதும் அவள் முகம் மாறியது. வேணாம்க்கா, இப்போ வேணாம், நாளைக்குப் பாக்கலாம் என்றாள். சாதாரணமாக யாரும் இதற்குத் தயங்க மாட்டார்கள். ஏன் என்று கேட்டேன். மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். செக்‌ஷன் ஹெட் எழுதிக் கொடுத்திருப்பதை அவளிடம் அப்படியே சொன்னேன். பிறகு தானே மவுஸைப் பிடித்து ரீஸ்டார்ட் கொடுத்தாள்.

திரை கறுத்தது. மறுபடி வெளுத்தது. பாஸ்வேர்டு கேட்டது. நான் வழக்கம்போலச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். முதுகுக்குப் பின்னால் விசைகள் தட்டப்படும் சத்தம். பிறகு சத்தமில்லை. மூச்சு விடுகிற நேரம் அப்படியே போனது.

"எட்த்துட்டேன்பா. மனசு கஷ்டப்பட்டுக்காதீங்க."

என் கழுத்துக்குப் பின்னாலிருந்து வந்தது. குணசேகரன் குரல். போனில் எத்தனையோ காலை கேட்ட அதே குரல், கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி, கடைசியில் சிரிப்பை அடக்குகிற மாதிரி. நான் திரும்பவில்லை. சட்டத்தை மதித்து நின்றேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் உடம்பு திரும்ப மறுத்துவிட்டது. சுவரில் ஒரு பல்லி அப்படியே அசையாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இயேசுவே என்று வாய் தானாக முணுமுணுத்தது.

கடைசியில் திரும்பினேன். நாற்காலியில் கலைவாணி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பயந்த முகம் இல்லை. ரொம்ப நேரம் தாகத்தோடு இருந்தவர் ஒரு வாய் தண்ணீர் குடித்த முகம். திரைக்குக் கீழே வசனச் செயலியின் படம் இருந்த இடத்தில் கேள்விக்குறி நின்றது.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"மொத நாள்லேந்தே தெரியும்க்கா."

மெஷின் எழுந்ததும் தானாக ஓட வேண்டியவை எவை என்று மேக்கில் ஓர் இடத்தில் பார்க்கலாம். அதை அவள் கையாலேயே திறக்கச் சொன்னேன். ஒன்றே ஒன்று இருந்தது. 'வாட்ச்மேன்' என்று பெயர். குணசேகரன் எழுதிய சின்ன நிரல். அவருக்குத் தெரிந்த செயலிகளைத் தவிர வேறு எது அப்ளிகேஷன்ஸில் இருந்தாலும் அழித்துவிடும். இறக்கிய கோப்புகள் கிடக்கிற இடத்தையும் கூட்டிச் சுத்தமாக்கிவிடும். அழித்தால் அவர் குரலில் சொல்லும். அழிக்க ஒன்றும் இல்லை என்றால் பேசாது. கேம் போன பையன்களைக் கிண்டல் செய்யப் பதிந்த குரல். அவர் போன பிறகு வந்த வசனச் செயலியை வாட்ச்மேனுக்குத் தெரியாது. தினம் காலையில் புருஷன் எழுந்து வந்து பெண்டாட்டியின் பிழைப்பைத் தூக்கி வெளியே எறிந்துகொண்டிருந்தார்.

எனக்கு உயிர் வந்தது. இவ்வளவுதானா, இதை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது, குரல் வேண்டுமென்றால் உன் போனில் ஏற்றித் தருகிறேன், தினம் கேட்டுக்கொள் என்றேன். பெரிய உபகாரம் செய்கிற தோரணையில்தான் சொன்னேன்.

கலைவாணி தலையை ஆட்டினாள். "போன்ல நான் அமுக்குனாதான்க்கா அவரு பேசுவாரு. இங்க அவரா வர்றாரு."

அவளே மேலும் சொன்னாள். முதல் ஷிப்டு பஸ்ஸிலேயே வந்துவிடுவாளாம், யாரும் வருவதற்கு முன்னால் மெஷினைப் போடத்தான். அவர் பேச வேண்டுமென்றால் எடுத்துப் போட ஏதாவது இருக்க வேண்டும். அதனால்தான் தினம் நிறுவிய செயலியை அப்படியே விட்டு, மெஷினை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறாள். அது போய்விடும் என்று தெரிந்தே நிறுவுகிறாள். ஒவ்வொரு நாளும் அது புதிதாக வந்த செயலி, அதனால் ஒவ்வொரு நாளும் மேக் அவளைக் கேட்கும், நிச்சயமாகத் திறக்க வேண்டுமா என்று. ஒவ்வொரு நாளும் ஆமாம் என்றிருக்கிறாள். வேலைக்கு லாயக்கில்லாதவள் என்று பெயர் வாங்கிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

"வேல போச்சுன்னா இந்த ரூமுக்கே வர முடியாதே கலை. அப்போ எப்படிக் கேப்ப?" என்றேன்.

அப்போதுதான் அழுதாள். கண்ணாடிக்கு வெளியே தேநீர் முடிந்து ஆட்கள் லைனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வாயெல்லாம் அசைந்தது, ஒரு சத்தம் இல்லை.

அழுது முடிக்கிற வரை நின்றேன். எனக்குக் கோபம்கூட வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். பிறகு யோசிக்க ஆரம்பித்தேன். செத்தவரை விரட்டுவதற்குச் சம்பளம் வாங்கவில்லை. செயலி நிலைக்க வேண்டும், அதுதான் என் வேலை. வாட்ச்மேனைத் திறக்கச் சொல்லி, அவருக்குத் தெரிந்த பெயர்களோடு வசனச் செயலியின் பெயரையும் கலைவாணியையே சேர்க்கச் சொன்னேன். இனி அதை அவர் தொட மாட்டார். பிறகு மணி பார்க்கிற ஒரு குட்டிச் செயலியை, ஒன்றுக்கும் உதவாதது, இறக்கி அவளுடைய வேலைக் கோப்புகளுக்குள் ஒரு பிரதி வைக்கச் சொன்னேன். சாயங்காலம் போகிறபோது அதை மட்டும் இழுத்து அப்ளிகேஷன்ஸில் போட்டுவிட்டுப் போ, காலையில் அவர் எடுக்கட்டும் என்றேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆமாக்கா. அவருக்கும் எதுனா வேல வெக்கணும்ல. சும்மா குந்திக்கினு இருக்க மாட்டாரு" என்றாள்.

வரதராஜன் சாரிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். இந்தத் தொழிற்சாலையில் மேக்கில் செயலி நிறுவுவதில் அவளை விடப் பழகிய கை கிடையாது சார், நம்மில் யாரும் அத்தனை தடவை செய்ததில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. பொதுமெஷினில் சொந்த நிரல் இருக்கக் கூடாது என்பது விதி. அவர் அதைச் சொல்வார் என்று காத்திருந்தேன். நாளைக் காலையில் முதல் ஷிப்டு பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் விடிகிற நேரத்தில் மூன்று பேரும் அந்த அறையில் இருந்தோம். கலைவாணி மெஷினைப் போட்டாள். பாஸ்வேர்டு கேட்டதும் நானும் சாரும் ஒன்றாகச் சுவர்ப் பக்கம் திரும்பினோம். குரல் வந்தது. சார் கொஞ்சமும் அசையவில்லை. பின்னால் கட்டியிருந்த கையை மட்டும் இறுக்கிக்கொண்டார். பிறகு திரும்பி, திரையைப் பார்த்து, யாருக்கும் தானாக வணக்கம் சொல்லாத அந்த மனிதர், "குட் மார்னிங் குணசேகரன்" என்றார். சொல்லிவிட்டு நேராக வெளியே போனார். கலைவாணியின் வேலையை நிரந்தரமாக்கும் காகிதத்தில் அன்று மதியமே கையெழுத்துப் போட்டார்.

அதற்கப்புறம் நான் இருந்த வரை ஒரு குறையும் இல்லை. வசனச் செயலி இருந்த இடத்தில் இருந்தது, படங்கள் நேரத்துக்கு முடிந்தன. சரோஜாகூடக் கூட்டுவதற்கு உள்ளே போக ஆரம்பித்தாள், ஆனால் காலையில் மட்டும் போக மாட்டாள். வரதராஜன் சார் ஓய்வு பெற்றார். பிறகு நானும். நான் வேலையை விட்டு வந்த கொஞ்ச நாளில் பழைய மேக்கையெல்லாம் எடுத்துவிட்டுப் புதியவை வைத்தார்கள். எல்லாவற்றையும் அமைத்தது வெளியூரிலிருந்தே. வேலைக் கோப்புகளை மட்டும் ஏற்றினார்கள், அதில் அந்தக் குட்டி மணிச் செயலியும் வந்தது. வாட்ச்மேன் வரவில்லை. அப்போது கலைவாணி எனக்குப் போன் செய்து, "அவரு இல்லக்கா" என்று மட்டும் சொன்னாள். நேற்று வரைக்கும் இருந்தது என்று சொல்கிறவர்களின் அதே குரல்.

ஷாலினி, நீ போன் செய்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆயுத பூஜைக்குப் பழைய ஆட்களையும் கூப்பிடுவார்கள் அல்லவா, போன வாரம் அதைச் சாக்காக வைத்துக் குன்றத்தூரிலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பிப் போனேன். கலைவாணி முதல் ஷிப்டு பஸ்ஸில் வந்திறங்கினாள். என்னைப் பார்த்ததும் ஏன் வந்தேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அறையைத் திறந்தாள். திரைக்கு முதல் நாளே சந்தனம், குங்குமம் வைத்திருந்தார்கள். பூட்டின பிறகு சாவி அவளிடம்தான் இருந்தது.

புது மெஷினில் எது தானாக ஓடுகிறது என்று அவள் கையாலேயே திறக்க வைத்துப் பார்த்தேன். உங்களுடையவை இருந்தன. வேறு ஒன்றும் இல்லை. முதல் நாள் சாயங்காலம் மணிச் செயலியை அடைவில் போட்டதைத் தன் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள், காட்டினாள். இப்போது அடைவில் அது இல்லை. குப்பைத் தொட்டியிலும் இல்லை. நீ போனில் சொன்னதுதான், உங்கள் ரூல் எதுவும் இல்லை.

இரவில் யாராவது எடுத்துவிட்டார்களா, இல்லை மெஷின் எழும்போதுதான் போகிறதா என்று தெரிந்துகொள்ள, மறுபடி ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம் என்றேன். அவள் மணிச் செயலியை இழுத்துப் போட்டாள். அடைவில் உட்கார்ந்தது, நான் கண்ணால் பார்த்தேன். ரீஸ்டார்ட் கொடுத்தாள். பாஸ்வேர்டு கேட்டது. நான் சுவர்ப் பக்கம் திரும்பினேன். விசைச் சத்தம் நின்றது. காத்திருந்தேன். குரல் வரவில்லை.

திரும்பினேன். மணிச் செயலி இருந்த இடம் காலியாக இருந்தது.

கலைவாணி நாற்காலியில் சாய்ந்து என்னைப் பார்த்தாள். முகத்தில் பயமும் இல்லை, அழுகையும் இல்லை. பக்கத்து வீட்டு விஷயம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"வாய்தான்க்கா போச்சு. கை கீது."

ஏன் என்று கண்டுபிடிப்பது என் தொழிலாக இருந்தது. அந்த மெஷினை நானே பிடித்து உள்ளே புகுந்து தேடியிருந்தால் ஏதாவது காரணம் கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் போயிருக்கலாம். கை பரபரக்கத்தான் செய்தது. உங்கள் திரையில் ஒரு வசதி இருக்கிறது, இந்தச் செயலி இந்த மெஷினில் எப்போதும் இருந்தே ஆக வேண்டும், யாராலும் எடுக்க முடியாது என்று கட்டளை போடுவது. அதை அந்த மணிச் செயலிக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள், ஷாலினி. அப்புறம் அவருக்கு அங்கே வேலை இருக்காது.

அன்று அந்த அறையில் நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். மவுஸைத் தொடவில்லை.